எல்லாருக்கும் மதிய ஷிப்ட்

எழுபதுகளில் என் வீட்டுக்காரரும் நானும் காரைக்குடியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தோம். எழுதியது அட்டைகளில் துளையாகி மெட்ராஸில் இருந்த கம்ப்யூட்டருக்குப் போகும்; விடை வர ஒரு வாரம் ஆகும். பிறகு அவர் மானகிரிப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு மாறினார். அங்கே கோபோல் என்ற வேறு மொழி. சுருக்கி எழுதினாலும் புரிந்துகொள்ளுமாம். புது மாப்பிள்ளை மாமியார் வீட்டைப் புகழ்கிற மாதிரி ஓயாமல் புகழ்ந்தார்.

முதல் வேலை, ஆலைத் தொழிலாளிகளுக்கு ஷிப்ட் பிரிப்பது. கைக்குழந்தைக்காரிகளுக்கு எண் மூன்று, நோயிலிருந்து எழுந்தவர்களுக்கு நான்கு. இவர்களுக்குக் காலை ஷிப்ட். மற்றவர்களுக்கு மதியம் தொடங்கி இரவு பத்துக்கு முடிவது. அச்சாகி வந்த தாளிலோ எல்லாருக்கும் மதிய ஷிப்ட். மேனேஜர் அதன் மூலையில் மஞ்சள் தடவி, கேட்டில் ஒட்டிவிட்டார். கம்ப்யூட்டர் மெஷின் போட்டதல்லவா.

அன்று என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. எழுதியதை வாங்கிப் பார்த்தேன். 'எண் மூன்று அல்லது நான்கு இல்லையென்றால் மதியம்' என்று இருந்தது.

"மூணு இல்லையா, இல்லாட்டி நாலு இல்லையா, ஒண்ணு சரியா இருந்தாப் போதும்னுதானே மெஷின் எடுத்துக்கிரும்? கைப்பிள்ளைக்காரி நாலு இல்லையே. அவளுக்கும் மதியந்தான் விழும். ஃபோர்ட்ரான்ல ரெண்டையும் முழுசா எழுதி நடுவுல ரெண்டும் வேணும்னு 'அண்ட்' போட்டிருப்பீக. இங்க சுருக்கலாம்னதும் 'அல்லது'ன்னு 'ஆர்' போட்டுச் சுருக்கிட்டீக" என்றேன்.

அவருக்கோ ஆலையில் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தப்பைச் சொன்னால் வேலையே போகலாம்.

காலையில் மேனேஜரிடம் போய்ச் சொன்னார். "திருத்தின தாள் வர்ற வரைக்கும் இதுதான். மெஷினே தப்புன்னா நாளைக்கு எவன் மதிப்பான்?" என்றார் மேனேஜர்.

கேட்டில் ஒருத்தி குழந்தையோடு நின்றாள். "மதியம் வந்தா இதுக்கு ராத்திரி வரைக்கும் யாருங்க பால் குடுப்பா?"

"மெஷின் தப்பில்லம்மா, நான் எழுதுனதுதான் தப்பு. நாளையிலருந்து காலையிலயே வாங்க" என்றிருக்கிறார் இவர். பின்னால் வந்த மேனேஜர், "யாரைக் கேட்டுச் சொன்னீக?" என்றார்.

"யாரையும் கேக்கலை."

சாயங்காலம் இதைக் கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுநாள் காலை அவள் வந்தாள். மேனேஜர் கேட்டருகே நின்றிருந்தார். உள்ளே போ என்று சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.