பெரணிப் பந்தலும் ஒரு மீன்தொட்டியும்

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். சேலத்தில் தாவரவியல் படித்து முடித்து, ஏற்காட்டில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தேன். அதே வருஷம், எண்பதுகளின் கடைசியில், காப்பி எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லைன் வீட்டுக்குள் ஒரு மீன்தொட்டி வந்து சேர்ந்தது.

எஸ்டேட் பங்களாவில் குடியிருந்தவர்கள் மாற்றலாகிப் போகும்போது அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போன தொட்டி அது. அப்பா அதைத் தலையில் சுமந்து, சறுக்குப் பாதையில் ஒரு கீறல் படாமல் கொண்டு வந்தார். கொண்டு வந்தது எனக்காக இல்லை. போன தடவை பொரித்த கோழிக்குஞ்சுகளில் ஒன்றுவிடாமல் கீரி தூக்கிக்கொண்டு போயிருந்தது. "கண்ணாடிக்குள்ள குஞ்ச உட்டு மேல கம்பிவலையப் போட்டா, கீரி வெளிய நின்னு வேடிக்கதான் பாக்கோணும்" என்றார்.

"அப்பா, இது செடியும் மீனும் வளக்கறதுக்குன்னே செஞ்சதுங்கப்பா. நான் வளத்துக் காட்டறேன்."

"தண்ணிக்குள்ளயா செடி?"

"நான் படிச்சதே அதானுங்கப்பா."

அந்த வார்த்தைதான் என்னை மாட்டிவிட்டது. அப்பா சிரித்தார். அன்றைக்குத்தான் கோழியை அடை வைத்திருந்தார். இருபத்தோராம் நாள் குஞ்சு வெளியே வரும். அதற்குள் செடி பிழைத்தால் தொட்டி எனக்கு. இல்லாவிட்டால் குஞ்சுகளுக்கு.

மறுநாளே சேலம் போய், வண்ண மீன் கடையில் எட்டு வாலிஸ்நீரியாச் செடிகளும் நான்கு சின்ன மீன்களும் வாங்கினேன். பச்சை ரிப்பன் போல நீளமான இலைகள் உள்ள செடி அது. ஈரச் செய்தித்தாளில் செடி, பாலிதீன் பையில் மீன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க டீச்சர், நாலு பேருக்கும் அர டிக்கெட் போட்டரட்டுங்களா?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

ஓடை மணலை ஏழு தண்ணீர் கழுவிப் பரப்பினேன். செடியின் வேர் மணலுக்குள்ளும், இலை கிளம்புகிற கழுத்து வெளியிலும் இருக்கும்படி நட்டேன். வீட்டின் ஒரே ஜன்னலுக்கு அடியில் தொட்டியை வைத்தேன். காலை வெயில் நேராக விழுகிற இடம். இதைவிட நன்றாக யாராலும் வைத்திருக்க முடியாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள் இலைகள் மஞ்சளாயின. ஆறாம் நாள், பழைய இலைகள் ஈரக் காகிதம் போலக் கரைந்து மிதந்தன. நடுவில் வந்த புதுத் துளிர் வெளுத்துப் போய், நூல் மாதிரி மெலிந்து, மேலே மேலே நீண்டது. வெளிச்சம் போதாத செடிதான் அப்படி நீளும். இதைப் பரீட்சையில் படம் வரைந்து மார்க் வாங்கியவள் நான். ஆனால் தொட்டி ஜன்னலுக்கு அடியில்தானே இருக்கிறது? செடி வெளிச்சம் இல்லை என்றது. ஜன்னல் இருக்கிறது என்றது. நான் ஜன்னலை நம்பினேன்.

அப்படியானால் வேர் அழுகியிருக்கும் என்று ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் வெள்ளை வெளேரென்று கெட்டியாக இருந்தது. அடுத்ததாக, ஓடைத் தண்ணீரின் குளிர்ச்சிதான் காரணம் என்று முடிவு கட்டினேன். மீன்களைக் குடத்துக்கு மாற்றிவிட்டு, ஒரு போசியில் வெந்நீர் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றே மூக்கை உறிஞ்சினார்.

"மீனுக்குக் கொழம்பு கொதிக்குதாட்ட இருக்குது. புளி கரச்சாச்சா கண்ணு?"

"செடிக்கு வெதுவெதுப்பு வேணுங்க்கா."

"பதினஞ்சு வருசம் படிச்சு, புல்லுக்கு வெந்நி வெக்கறதக் கத்துட்டு வந்திருக்கறயா சாமி!"

நானும் சிரித்தேன். ஆனாலும் உள்ளே குத்தியது. கூடைக்குள் கோழி ஒரு சந்தேகமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அப்பா தினமும் அதைப் பார்த்துவிட்டு, என் தொட்டியைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒன்று மட்டும் புரியவில்லை. சாயங்காலம் நான் பள்ளி விட்டு வரும்போதெல்லாம் தண்ணீரின் மேல் பழுப்பு நிறத்தில் தூள் மிதந்தது. காற்று கொண்டு வருகிறது என்று வழித்துப் போட்டேன்.

ஒன்பதாம் நாள் முழுப் பரீட்சை தொடங்கியது. பள்ளி அரை நாள்தான். பகல் ஒரு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றேன். தொட்டியைக் காணோம். அது இருந்த இடத்தில், நான்கு மூங்கில் குச்சிகளைச் சாத்தி, மேலேயும் ஜன்னல் பக்கமும் பழுப்புத் தூள் உதிர்கிற பெரணித் தழை அடைத்து, அச்சு அசலாக ஒரு காப்பி நாற்றுப் பந்தல்! குனிந்து பார்த்தால், உள்ளே இருட்டில் மீன்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன.

அம்மா எஸ்டேட்டின் நாற்றங்காலில் வேலை பார்ப்பவர். காப்பி நாற்று வெயில் பட்டால் கருகும் என்று பந்தல் போட்டே கை பழகியவர். நாற்றங்கால் லைனுக்கு மேலேதான். சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். ஓடி வந்தார்.

"ஏம்மா, இது யாரு வேல?"

"என்ற வேலதான். காலையில நீ பள்ளிக்கூடம் கெளம்புனதும் தழயப் போட்டுட்டுப் போவேன். வெயிலு நொம்பக் காட்டமா உழுகுதில்ல?"

"தெனமுமா?"

"பின்ன? நாத்து ஒரு நாளைக்கு மட்டுமா காயும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

"நாத்துக்கு நெழலு போடறத யாராச்சும் சொல்லிட்டுப் போடுவாங்களா? சாயங்காலம் நீ உக்காந்து பாப்பயேன்னு எடுத்து வெச்சிருவேன்."

"அப்ப ஞாயித்துக்கெழம?"

"அன்னைக்குத்தான் நீயே காலையிலிருந்து குறுக்க உக்காந்திருக்கறயே. உன்ற நெழலே போதும்னு உட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். வேரைப் பார்த்தேன், தண்ணீரைத் தொட்டுப் பார்த்தேன், நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். வீட்டில் இருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இலைப்பச்சை என்றால் என்ன, செடி வெளிச்சத்தைக் கொண்டு எப்படிச் சாப்பாடு செய்கிறது என்பதை அன்றைக்குத்தான் அம்மாவுக்கு முதல்முறையாகச் சொன்னேன். அம்மா கவனமாகக் கேட்டார். பிறகு, தழையில் கை வைத்த என்னைத் தடுத்தார்.

"ஒரேயடியா எடுக்காத. இருட்டுல இருந்தது பொசுங்கிப் போகும். மழைக்கு முன்னாடி நாங்களும் கைப்பிடி கைப்பிடியாத்தான் தழ எடுப்போம்."

அதில் தப்பே இல்லை. மெலிந்த இலைகளுக்குத் திடீர் வெயில் ஆகாது, தண்ணீரிலும் பச்சைப் பாசி படர்ந்துவிடும். நான்கு நாட்களில், அம்மா கையால் அள்ள, நான் அளவு சொல்ல, பந்தல் காலியானது. கரைந்த இலைகளைக் கத்தரித்தேன். இரண்டு செடிகள் போய்விட்டன. ஆறு நின்றன.

பதினாறாம் நாள் முதல் பச்சை இலை வந்தது. அகலமாக, விறைப்பாக. அதன் ஓரத்தில் ஒரு வெள்ளிக் குமிழி ஒட்டியிருந்தது. அடுத்த இரண்டு நாளில் எல்லாச் செடியிலும் குமிழிகள். அம்மா காலையில் டீ டம்ளரோடு வந்து உட்கார்ந்து குமிழி எண்ண ஆரம்பித்தார்.

இருபத்தோராம் நாள் விடியும்போதே கூடைக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம். எட்டுக் குஞ்சுகள். அப்பா அவற்றை வேட்டி மடிப்பில் அள்ளிக்கொண்டு தொட்டிக்கு நேராக வந்து நின்றார். அவர் குனிந்து கண்ணாடியில் மூக்கு உரசப் பார்த்தார்.

"இது என்ன, செடிக்குப் பக்கத்துல சின்னதா இன்னொண்ணு?"

நானே அப்போதுதான் பார்த்தேன். ஒரு செடியின் அடியிலிருந்து மணலோடு மணலாகக் கொடி ஓடி, விரல் நீளத்துக்கு அப்பால் ஒரு குட்டிச் செடி நிமிர்ந்திருந்தது.

"அதோட குட்டிங்கப்பா. இப்புடித்தான் பெருகும்."

"அட, இதும் பொரிச்சிருச்சா!" மடியில் கீச்சிட்டவற்றை ஒரு கையால் அணைத்துக்கொண்டே அவர் நிமிர்ந்தார். "குஞ்சும் குட்டியுமா இருக்கற ஊட்டக் காலி பண்ணச் சொல்ற ஆளா நானு? கண்ணு, அந்தப் பழப் பெட்டிய எடு. ஆணியும் கம்பிவலையும் இருந்தா ஆச்சு."

மத்தியானத்துக்குள் பெட்டிக்கு வலை அடித்துவிட்டார். அடித்துக்கொண்டே என்னிடம் செடியின் பெயரை மூன்று தடவை கேட்டார். சாயங்காலம், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் அந்தப் பக்கமாக வந்தவர், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "அட, தண்ணிக்குள்ள என்னங்க புல்லு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார்.

"புல்லு இல்லீங்க. வாலிஸ்நீரியாங்க" என்றார். "என்ற புள்ள வெச்சதுங்க. உள்ள வாங்க, காட்டறேன்."