கம்பம் நட்ட இடம்

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிப் புதிதாக இன்னொரு லைன் போட்டார்கள். சிக்னல் வேலை என் பொறுப்பு. தண்டவாளம் போடுகிறவர்கள் ஜல்லியைக் கொட்டி என் கம்பியை மூடிவிடுவார்கள். டெலிபோன் ஆட்கள் நான் தோண்டிய குழியில் தங்கள் கம்பத்தை நட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர்களைக் கட்டி மேய்ப்பதிலேயே எனக்குத் தொண்டை கட்டிவிடும். அந்த நாளில் எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

கேபினில் லீவரை இழுத்தால் தூரத்தில் சிக்னல் கை இறங்கும். நடுவில் ஒரு கம்பி, பாதையோரக் குட்டைக் கம்பங்களில் மாட்டிய கப்பிகள் மேல் ஓடும். அந்தக் கம்பங்களுக்கு இடம் தேர்ந்தெடுத்தவன் நான்தான். மேடு பள்ளம் இல்லை, முள் இல்லை, யாரோ பெருக்கி வைத்த மாதிரி நீளமான தரை. நம் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

பெரிய அதிகாரி விடிந்ததுமே சோதனைக்கு வந்த அன்று லீவரை இழுத்தோம், கை இறங்கியது. திருப்பினோம், ஏறவில்லை. ‘போகலாம்’ என்றே காட்டிக்கொண்டு நின்றது. ஒரு சிக்னல் செய்யவே கூடாத காரியம் அது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் கம்பியோரமாக ஓடினேன்.

என் கம்பங்கள் நெடுக அரக்கு நிறப் பட்டு இழைகளை, தறியில் ஏற்றுவதற்கான பாவு நூலை, நீட்டிக் கட்டியிருந்தார்கள். ஒரு நெசவாளியும் அவர் மனைவியும் அதற்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். பாவு நூலைத் தாங்கிய கயிறு கப்பியைச் சுற்றி இறுகியதில் என் கம்பி மாட்டிக்கொண்டிருந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

“அர மணி நேரம் பொறுங்க சார், கஞ்சி காஞ்சிடும்” என்றார் நெசவாளி. “இப்ப அவுத்தா இழையெல்லாம் ஒட்டிக்கினு பூடும்.”

புது லைனில் அன்று ரயில் எதுவும் வரப்போவதில்லை. பொறுத்திருந்தால் என் பெயர் கொஞ்சம் கெட்டிருக்கும், அவ்வளவுதான். அது தெரிந்தேதான், பின்னால் ஓடிவந்த என் ஆளிடம் கயிற்றை அறுக்கச் சொன்னேன். ஈரப் பாவு ஜல்லியில் விழுந்தது. சிக்னல் கை ஏறியது. அதிகாரி என் கையைக் குலுக்கினார்.

சாயங்காலம் மனசு கேட்கவில்லை. விசாரித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் பாவு நூலை மடியில் போட்டு, ஒட்டிப்போன இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நெசவாளிதான் உட்காரச் சொன்னார். ரயில்வே கம்பத்தில் ஏன் கட்டினீர்கள் என்று கேட்டேன். அவர் அப்பா காலத்திலிருந்தே அந்தத் தெருக்காரர்கள் பாவு நீட்டும் இடமாம் அது. விடிந்ததும் நீட்டினால் வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்களாம். தினமும் முளைக்குச்சி சுமந்து வந்து அடிப்பார்களாம். வரிசையாகக் கம்பம் முளைத்ததும், தங்கள் சிரமத்தைப் பார்த்துத்தான் ரயில்காரர் நட்டுக் கொடுத்திருக்கிறார் என்று தெருவே நம்பியதாம்.

நான் எப்போதும் பகல் வண்டியில்தான் வருவேன், அவர்கள் சுருட்டிக்கொண்டு போன பிறகு. காலியாகக் கிடந்ததைப் பார்த்து வரைபடத்தில் ‘வெற்றுநிலம்’ என்று எழுதியதும் நானேதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. கம்பங்களை லைனுக்கு மறுபக்கம் மாற்றிவிடுகிறேன் என்றேன்.

அந்த அம்மாள் இழையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “நட்ட நாள்லேர்ந்து உங்கள நல்லவருன்னு சொல்லிக்கினு இருந்தோம் சார்.”