நீல டிக் வருகைப்பதிவு

வாட்ஸ்ஆப்பில் இரண்டு நீல டிக் விழுந்தால் அந்தப் பிள்ளை பாடம் பார்த்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தது நான்தான். பிறகு எங்கள் பள்ளியில் எல்லா ஆசிரியர்களும் அதையே செய்தார்கள். அந்த டிக்கை நம்பியதில் என் வகுப்புப் பெண் ஒருத்தியின் படிப்பு போயிற்று. கொரோனா கொண்டுபோனது என்று ஊரில் எத்தனையோ சொல்கிறார்கள். இதை மட்டும் அதன் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியரும் நானே. வீடு திண்டிவனத்தில். ஊரடங்கில் பள்ளி பூட்டிக் கிடந்தாலும், எத்தனை பேர் பாடம் பார்த்தார்கள் என்று தினமும் பதினோரு மணிக்குள் தலைமையாசிரியருக்கு அனுப்பியாக வேண்டும். அவர் மேலே அனுப்புவார். மேலே அதை வைத்து என்ன செய்தார்கள் என்பது மயிலம் முருகனுக்குத்தான் வெளிச்சம். எண்ணிக்கை குறைந்தால் மட்டும் உடனே போன் வரும்.

காலையில் ஒரு கணக்கைப் போட்டு, வீடியோ எடுத்து, பெற்றோர் எண்களுக்குத் தனித்தனியாக அனுப்புவேன். சமையலை முடித்துவிட்டு வந்து டிக்கைப் பார்த்து வருகை போடுவேன். அதே நேரம் பக்கத்து அறையில் என் மகள் அவளுடைய தனியார் பள்ளியின் ஆன்லைன் வகுப்பில் இருப்பாள். அவளும் ஒன்பதாம் வகுப்புதான். கேமராவை அணைத்தால் அவளுடைய மிஸ் உடனே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். முகம் தெரியாத பிள்ளைக்கு வருகை கிடையாது என்பது அவர்கள் சட்டம். ரொம்பத்தான் கெடுபிடி என்று நான் அலுத்துக்கொண்டதுண்டு.

நான் சொல்லும் பெண் கணக்கில் வகுப்பிலேயே முதல். எட்டாவதிலேயே என்னிடம் வந்து, பதினொன்றில் ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்க எவ்வளவு மார்க் வேண்டும் என்று கேட்டவள். அவளுடைய அப்பா காய்கறி லோடு ஏற்றும் சின்ன வேன் ஓட்டினார். ஊரே முடங்கிக் கிடந்தபோதும் அவர் வண்டி ஓடியது. வீட்டில் இருந்த ஒரே போன் அவர் சட்டைப்பையில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் போய்வந்தது. எது வந்தாலும் லோடாக இருக்குமோ என்று அந்த நிமிஷமே திறந்துவிடுவார் போல. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், வகுப்பிலேயே முதல் நீல டிக் அந்த எண்ணில்தான் விழும் என்பது மட்டும்தான். "தவறாமல் பாடம் பார்க்கும் மாணவிக்கு வாழ்த்துகள்" என்று ஒருமுறை கைதட்டும் படத்தோடு அனுப்பினேன். அதுவும் நீலமானது.

ஆடி மாதம் ஒரு நாள், டிக் விழாத பிள்ளைகளைத் தேடி ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்து ஊருக்குப் போனேன். ஒருவன் மல்லாட்டைக் கொல்லையில் கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தான். ஒருத்தி தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் இருந்தாள். எல்லோருக்கும் தாளில் கணக்கு எழுதிக் கொடுத்தேன். நல்ல டீச்சர் என்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. திரும்பும்போது ரேஷன் கடை வாசலில் அந்தப் பெண்ணின் அம்மா என்னை நிறுத்தினார்.

"டீச்சர், ஸ்கூலு எப்பங்க தொறப்பாங்க?"

"தெரியலம்மா. அடுத்த மாசம்ன்றாங்க."

"நெசமா தொறந்துடுவாங்களா?"

"யாருக்குத் தெரியும். உங்க பொண்ணப் பத்திக் கவலைப்படாதீங்க. தெனம் மொத ஆளா பாடம் பாக்குறது அவதான்."

அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். "ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போங்களேன் டீச்சர். தோ, அடுத்த தெருதான். பொண்ணு வீட்லதான் கீது" என்றார்.

வரிசையில் யாரோ இருமினார்கள். எனக்கு வீட்டுக்குப் போய்க் குளித்தால் போதும் என்றிருந்தது. "பாடம் பாக்குற பிள்ளைங்க வீட்டுக்கு எதுக்கும்மா? பாக்காதவங்களத்தான் தேடி வந்தேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

எங்கள் வகுப்புக்குத் தை கடைசியில்தான் பள்ளி திறந்தது. அவள் வரவில்லை. மூன்றாம் நாள் அந்த எண்ணுக்குப் பேசினேன். அப்பா எடுத்தார்.

"அதுக்கு ஆவணியிலயே கண்ணாலம் ஆயிடுச்சிங்க. இப்பன்னா பத்து பேரோட முடிச்சிடலாம்னு மாப்ள வூட்ல ஜல்தி பண்ணாங்க. அவங்கம்மாதான் ஸ்கூலு தொறக்கட்டும், தொறக்கட்டும்னு இழுத்துக்கினு இருந்துச்சி. எங்க தொறந்தீங்க?"

"நான் அனுப்புன பாடமெல்லாம்?"

"வரும்ங்க. லோடுன்னு தொறப்பேன். கணக்கா இருக்கும், மூடிடுவேன்."

அவளுக்கு அப்போது பதினான்கு வயது. தலைமையாசிரியரிடம் ஓடினேன். சட்டப்படி புகார் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் நான் அனுப்பிய பட்டியலை எடுத்துப் பொறுமையாகப் புரட்டினார்.

"ஆவணி பூராவும் பிரசென்ட் போட்டிருக்கீங்க. கல்யாணத்தன்னைக்கும் பிரசென்ட். அதுக்கப்புறம் அஞ்சு மாசம் பிரசென்ட். புகார்னு போனா மொதல்ல யாரங்க கேப்பாங்க? லாங் ஆப்சென்ட்னு எழுதி முடிச்சிடுங்க."

வெட்கமாக இருந்தது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. எழுதி முடித்தேன். புகார் கொடுக்கவில்லை. இன்றுவரை கொடுக்கவில்லை. தலைமையாசிரியரை மனசுக்குள் திட்டிப் பார்த்தேன், மேலே இருப்பவர்களைத் திட்டிப் பார்த்தேன், எதுவும் நெஞ்சில் ஒட்டவில்லை.

பங்குனியில் அவள் அம்மாவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு பனமலைப் பக்கம் அவள் வாழப்போன ஊருக்குப் போனேன். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து தண்ணீர் கொடுத்தாள். என் மகளைவிட ஒரு விரல்கடை குள்ளம். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால், என்ன பேசுவது என்று தெரியாமல், இந்த வருஷம் எல்லோருக்கும் பாஸ் போட்டுவிட்டார்கள் என்றேன்.

"நானுமா மிஸ்?"

"நீயும்தான்."

"நான் ஒரு நாள்கூட பாடம் பாக்கலீங்களே."

"உங்கப்பா போன்ல டிக் விழுந்துச்சு. நீ பாக்குறேன்னு நெனச்சி பிரசென்ட் போட்டுக்கினே வந்தேன்."

கறந்த மாட்டை அவிழ்க்க மாமியார் எழுந்து போகும்வரை காலிச் சொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கணக்கிலும் அவள் இப்படித்தான், மற்றவர்கள் விடையைத் தேடும்போது எந்த வரியில் தப்பு என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஆப்சென்ட்னு போட்டிருந்தா, அன்னைக்கு எங்க வீட்டுக்கும் வந்திருப்பீங்க இல்லீங்க மிஸ்?"

"வந்திருப்பேன்" என்றேன்.