பதினாறு நாள் பொறுத்தவர்

போன செவ்வாய்க்கிழமை காலை, சிதம்பரம் கீழ வீதியில் என் மூக்குக்கண்ணாடிக் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது கைபேசி அடித்தது. கடலூர் முதுநகரிலிருந்து கலியமூர்த்தியின் மகள் வளர்மதி. "மாமா, அப்பா போயிட்டாங்க" என்றாள். ஷட்டரை அப்படியே இறக்கிவிட்டு பஸ் ஏறினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கலியமூர்த்தி அவர்கள் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய கைக்கடிகாரங்களைச் சேர்த்தவர். சாவி கொடுத்தால் ஓடுகிறவை மட்டும். பேட்டரி போட்டதைக் கடிகாரம் என்றே ஒப்புக்கொள்ளமாட்டார். இந்த மாவட்டத்தில் அவரைவிடக் கடிகாரம் அறிந்தவர் கிடையாது. அவரோடு போட்டி போட்டுத் தோற்றவன் என்கிற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

அறிமுகமானது என் கடையில்தான். பூதக்கண்ணாடி கேட்டு வந்தவர், இருந்த லென்ஸ் அத்தனையையும் தன் மணிக்கட்டுக் கடிகாரத்தின்மேல் வைத்து வைத்துப் பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "படிக்கறதுக்கா சார், சும்மா பாக்கறதுக்கா?" என்றேன்.

"ரெண்டும் இல்ல. ஏமாறாம இருக்கறதுக்கு" என்றார். லென்ஸை வாங்கிக்கொண்டு, தன் பைத்தியத்தில் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரே வருடத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் மச்சான் ஆகிவிட்டோம்.

அவரிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. இறந்தவரின் கடிகாரத்தைக் கருமாதி முடிவதற்குள் கேட்கக் கூடாது. துக்கத்துக்குப் போவார், மாலை போடுவார், கடிகாரம் என்ற சொல்லே வாயில் வராது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்தான் போய்க் கேட்பார். "துக்க வீட்டுல யாருக்கும் வேணாம்னு சொல்ல வராது மச்சான். அப்ப வாங்கறது வாங்கறது இல்ல, புடுங்கறது" என்பார். இதனாலேயே அவர் கைநழுவ விட்டவை எத்தனையோ. நான் கேலி செய்வேன், சிரித்துக்கொள்வார்.

மேல்பட்டாம்பாக்கத்தில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவரிடம் பழைய சுவிஸ் கடிகாரம் ஒன்று இருந்தது. படைவீரர்களுக்கென்றே செய்தது, கறுப்பு டயல், வினாடி முள்ளுக்குத் தனியாக ஒரு சின்ன வட்டம். அப்படி ஒன்று அதற்குமுன் எங்கள் இருவர் கண்ணிலும் பட்டதில்லை. "நான் இருக்கறவரைக்கும் என் கையில. அப்புறம் உனக்குத்தான்" என்று ராணுவக்காரர் கலியமூர்த்தியிடம் சொல்லியிருந்தார். அந்தப் பெரியவர் இறந்தபோது கலியமூர்த்தி வழக்கம்போல் மாலை போட்டுவிட்டுத் திரும்பினார். நானோ ஒன்பதாம் நாளே போய், பெரியவரின் மகனிடம் பேசி வாங்கி வந்துவிட்டேன். வியாபாரி யாராவது முந்திக்கொள்வான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஒரு தடவையாவது கலியமூர்த்தியை ஜெயித்துவிட வேண்டும் என்கிற ஆசை.

ஆசை அத்தோடு நிற்கவில்லை. டயல் பழுப்பேறி எழுத்து மங்கியிருந்தது. பளிச்சென்று காட்ட வேண்டுமே என்று, ஒரு கடையில் கொடுத்துப் புதிதாக பெயின்ட் அடித்து வாங்கினேன். சேகரிக்கிறவன் செய்யவே கூடாத காரியம் அது. முதுநகர் வீட்டில், என் கடை லென்ஸாலேயே கலியமூர்த்தி அதை வெகுநேரம் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அவரோட மூஞ்சிய அழிச்சிட்டு வேற மூஞ்சி வரைஞ்சிட்டியே மச்சான். பதினாறு நாளு பொறுத்திருந்தா நானே போயி வாங்கியிருப்பேன். இதத் தொட உட்டிருக்க மாட்டேன்" என்றார்.

நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன்.

"மொதல்ல அந்தப் புள்ளகிட்ட போயி, ஒம்பதாம் நாளு வந்தது தப்புன்னு சொல்லிட்டு வா. அப்புறம் வாங்கிக்கறேன்."

நான் போகவில்லை. வறட்டுக் கௌரவம். வருடங்கள் ஓடின. அவர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை, பழகுவதில் ஒரு குறை வைக்கவும் இல்லை. அதுதான் என்னை அதிகம் வாட்டியது.

தகனம் முடிந்த மூன்றாம் நாள் மேல்பட்டாம்பாக்கம் போனேன். பெரியவரின் மகனுக்கு இப்போது தலை நரைத்திருக்கிறது. தப்பைச் சொல்லி, கடிகாரத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அன்னைக்கு நீங்க போனப்புறம் எங்கம்மா ரெண்டு நாளு எங்கிட்ட பேசல சார்" என்றார். கடிகாரத்தை என் பக்கமே தள்ளி, "அப்பா யாருக்குன்னு சொன்னாரோ, அவுங்க வீட்டுலயே சேத்துடுங்க" என்றார்.

அங்கிருந்து நேரே முதுநகர். வளர்மதி அப்பாவின் மரப்பெட்டியைத் திறந்தாள். குழிக்கு ஒன்றாக வரிசையாய்க் கடிகாரங்கள். நடுவில் ஒரு குழி மட்டும் காலி. அதில் அவர் கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு: மேல்பட்டாம்பாக்கம். அழுதுவிட்டேன். சொல்வதில் வெட்கமில்லை.

நான் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்ததும், "பதினாறு நாளு ஆவலியே மாமா" என்று தயங்கினாள். அப்பாவுக்குப் பிறந்த பெண்ணல்லவா.

"அது வாங்கறதுக்குத்தாம்மா. குடுக்கறதுக்கு இல்ல."

சாவி கொடுத்து அந்தக் குழியில் வைத்தேன். ஓடியது. போய்ச் சொல்லிவிட்டேன் மச்சான். இப்போது வாங்கிக்கொள்ளுங்கள்.