வலது பக்கப் பை

யெமாலின் நல்லவளா கெட்டவளா என்று என்னிடம் கேட்காதீர்கள். அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வீட்டில் பனை எண்ணெய் தீர்ந்தால் என் வீட்டுக்கு வருவாள், என் வீட்டில் தீப்பெட்டி தீர்ந்தால் நான் போவேன். பதினாறு வருஷப் பழக்கம். அவள் பேச்சைக் கேட்டுத்தான் என் மகள் மஹுனாவை அனுப்பினேன். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரில் பிரெஞ்சு தெரிந்த ஒரே பெண்பிள்ளை அவள்தான். பத்தாவது பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது வயிற்றில் மகள் சேசி வந்துவிட்டாள். பரீட்சை போயிற்று. கொஞ்ச வருஷத்தில் புருஷனும் நைஜீரியாவுக்கு வேலைக்கென்று போனான், போனவன் போனவன்தான். ஒரு காக்கிக் கால்சட்டையை மட்டும் கொடியில் விட்டுவிட்டுப் போயிருந்தான். பிரெஞ்சு மட்டும் அவளிடம் தங்கியது. மருந்தகத்துச் சீட்டு, நிலப் பத்திரம், பாதிரியாரின் அறிவிப்பு எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் எங்களுக்கு வரும். தனக்குக் கிடைக்காத பரீட்சையை மகள் எழுத வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை. அதற்காக எதையும் செய்வாள். செய்தாள்.

பிள்ளையை வசதியான சொந்தக்காரர் வீட்டில் விட்டு வளர்ப்பது எங்களுக்குப் புதிதில்லை. என்னையே என் அத்தைதான் வளர்த்தாள். அடித்தாள், ஆனால் சோறு போட்டாள், மரவள்ளி வறுக்கும் தொழிலையும் கற்றுக்கொடுத்தாள். விட்டபின் வீடு எது, தெரு எது என்று கேட்கக் கூடாது. கேட்டால் நீ திருடி என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அவர்கள் பிள்ளையின் படம் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். அதையும் வெளியில் காட்டக் கூடாது. அடுத்தவள் கண் பட்டால் பிள்ளை திரும்பி வராது. இப்படி நாங்களே எங்கள் வாயையும் கண்ணையும் கட்டிவைத்திருந்தோம்.

ஓனோரின் என்பவள் யெமாலினின் பெரியம்மா மகள். இருவரும் ஒரே பாயில் படுத்து, ஒரே கிண்ணத்தில் சோளக் களி தின்று வளர்ந்தவர்கள். கோட்டோனு பட்டணத்தில் வியாபாரம் என்பாள். வாசனை சோப்பு போட்டிருப்பாள். சேசிக்கு ஒன்பது வயதானபோது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன் என்று அவள்தான் கூட்டிப்போனாள். அடுத்த வருஷம் ஓனோரினை என் வீட்டுக்கு அழைத்துவந்தது யெமாலின்.

"என்ன யோசிக்கிறே மஹுனாம்மா? என் பொண்ணையே குடுத்திருக்கேன்ல? இவ என் அக்காடி!"

"உன் அக்கா மேல சோப்பு வாசனை தூக்குது. அடுப்புக்கரியில குளிக்கிற என் பொண்ணு அங்க மூச்சு முட்டிச் செத்துருவா."

மூவரும் சிரித்தோம். மறுநாள் மஹுனா போய்விட்டாள். இரண்டு மாதம் கழித்து ஒரு படம் வந்தது. பள்ளிக்கூடத்துக் காக்கி கவுன் போட்டுக்கொண்டு, நீலச் சுவருக்கு முன்னால் நின்றிருந்தாள். அதைத் துணியில் சுற்றி இடுப்பிலேயே வைத்திருந்தேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து செனகல் நாட்டு டாக்காரிலிருந்து மரியாம் என்ற பெண் வந்தாள். கிராமத்துப் பிள்ளைகள் எப்படி, எதனால் வெளியூர் போகிறார்கள் என்று தாய்மார்களிடம் கேட்டு எழுதும் ஆராய்ச்சி. எங்கள் பாஷை அவளுக்குத் தெரியாது. அதனால் யெமாலின் மொழிபெயர்த்தாள். மருந்தகத்தின் ஊசி போடும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொருத்தியாக உட்கார வைத்து, பேச்சைப் பதிவு செய்தார்கள். பெயர் கிடையாது, நம்பர்தான். நான் ஒன்பது. 'அவள் சொல்கிறாள்' என்று யெமாலின் மொழிபெயர்க்கக் கூடாதாம். 'நான்' என்றே சொல்ல வேண்டுமாம்.

"காலையில எட்டுப் பிள்ளை பெத்தவளா இருந்தே, மத்தியானம் விதவை. என் முறையில என்னவா ஆகப்போறே?" என்றேன்.

"உன் முறையில வாயாடி ஆகணும். அதுதான் கஷ்டம்" என்றாள்.

மகள் நன்றாக இருக்கிறாள் என்று எப்படித் தெரியும் என்று மரியாம் கேட்டாள். இடுப்பிலிருந்து படத்தை எடுத்தேன்.

"யெமாலின், நீ பாக்காதே. அந்தப் பொண்ணு மட்டும் பாக்கட்டும். அவ வெளியூர்க்காரி, கண் படாது."

"தெரியும் தாயே. எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மரியாம் வெகுநேரம் படத்தைப் பார்த்தாள். தன் நோட்டைப் புரட்டினாள். பிறகு மெதுவாக ஏதோ கேட்டாள். யெமாலின் சுவரைப் பார்த்தபடியே, வழக்கம்போல, ஒரு சொல்லையும் விடாமல் எனக்குச் சொன்னாள்.

"நான் பாக்குற நாலாவது படம் இது. நாலு பொண்ணுங்களோட கவுன்லயும் பை வலது பக்கம் இருக்கு. இங்க எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான் தைப்பாங்க..."

கேள்வியை யெமாலின் முடிக்கவில்லை. திரும்பி என் கையிலிருந்த படத்தைப் பிடுங்கினாள். பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"இது என் தையல்" என்றாள். "அவர் விட்டுட்டுப் போன கால்சட்டையை வெட்டித்தான் தைச்சேன். முழங்கால் கிழிசல் வலது நெஞ்சுல விழுந்துச்சு. அதை மறைக்கத்தான் பையை அந்தப் பக்கம் வச்சேன். இது சேசியோட கவுன். உன் பொண்ணு ஏன் என் பொண்ணு துணியைப் போட்டிருக்கா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒரு கவுன், நாலு பிள்ளைகள், நாலு படங்கள். பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்திருக்கவே இல்லை.

மரியாம் பயந்துபோய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் தாளில் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் போனவர்கள் வெளியே வந்து சொல்லியிருந்தார்கள்.

"அந்தப் பொம்பளைய உன் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது யாருன்னு கேப்பாள்ல? கேளுடி!"

"மஹுனாம்மா..."

"யெமாலின் கூட்டிட்டு வந்தான்னு சொல்லு. நம்பர் போடாதே, பேரைச் சொல்லு."

அவள் சொன்னாள். எனக்கு பிரெஞ்சு தெரியாது. ஆனால் அவள் பெயர் அவள் வாயாலேயே வந்ததைக் கேட்டேன். 'நான்' என்று என் சார்பில் பேசி, தன்னையே காட்டிக்கொடுத்தாள். மரியாமின் பேனா அப்படியே நின்றுவிட்டது.

ஓனோரினுக்கு மரியாமின் போனிலிருந்து கூப்பிட்டோம். குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். அதன்பின் எடுக்கவே இல்லை. படத்தின் பின்னால் ஸ்டுடியோவின் முகவரி முத்திரை இருந்தது. யெமாலினிடம் இருந்த சேசியின் படத்திலும் அதே முத்திரை. எழுத்து தெரிந்தவள், மூன்று வருஷமாக அதைப் படித்துப் பார்த்து ஒரு தரம் போய்க் கேட்டிருக்கலாம். அக்காவைச் சந்தேகப்படுவதா என்று இருந்துவிட்டாள். அந்த முகவரியைத் தேடிப் போன வழியெல்லாம் அவளைத் திட்டினேன்.

கோட்டோனுவின் பெரிய சந்தைக்குப் பின்னால் இருந்தது அந்தக் கடை. அதே நீலச் சுவர். படக்காரர் வயதானவர், எதையும் மறைக்கவில்லை.

"அந்தம்மாவா? அப்பப்ப ஒரு பிள்ளையோட வருவாங்க. படம் எடுத்த கையோட நைஜீரியா எல்லைப் பக்கம் போற வண்டியில ஏத்திவிட்டுருவாங்க. கவுனைத் தூக்கிட்டு அலைய முடியலைன்னு இங்கயே மாட்டி வச்சிருக்காங்க."

கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் அது தொங்கியது.

யெமாலின் அதை எடுத்து, முதலில் கீழ் விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம் என்று நாலு விரல் அகலம் உள்ளே மடித்துத் தைத்திருந்தாள். மடிப்பு அப்படியே இருந்தது. சேசிக்கு இப்போது பன்னிரண்டு வயது.

"பிரிக்கவே இல்ல மஹுனாம்மா" என்றாள். "ஒரு தையலைக்கூடப் பிரிக்கல."

அவளை அறைய வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். அவள் கவுனை மடித்துத் தன் பைக்குள் வைக்கப் போனாள். நான் விடவில்லை.

"என் பொண்ணும் இதைப் போட்டிருக்காடி."

அவள் கவுனின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள், நான் அதன் மறுகையைப் பிடித்துக்கொண்டேன். அதை நடுவில் தொங்கவிட்டபடி, காவல் நிலையத்துக்கு வழி கேட்டுக்கொண்டே நடந்தோம்.