கேட்டின் வலது தூண்

அவர் செய்த கேட்டுக்குள் காற்றுகூட ஒருக்களித்துத்தான் நுழையும். இது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. காற்று நேராகவே போகும். ஆனால் பைக் போகாது, தள்ளுவண்டி போகாது, தெருநாய்கூட ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டுத்தான் போகும். அதில் பொய் இல்லை.

பூங்காவின் வாசலில் பைக்குகள் புகுந்து ஓடுகின்றன என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கேட்டைப் போடச் சொன்னார்கள். மூன்று வளைந்த குழாய்கள். ஆள் உள்ளே கால் வைத்து, உடம்பைத் திருப்பி, மறுபக்கம் வெளியேற வேண்டும். செய்து முடித்த அன்று அவரே பத்து தடவை போய் வந்து பார்த்தார்.

கடைத்தெரு அவருக்கு வைத்த பெயர் அரையங்குலம். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்டவர்களிடமெல்லாம் அரை அங்குலத்தின் அருமையை விளக்கி விளக்கி ஒட்டிக்கொண்ட பெயர். பதினாறு வயதில் வெல்டிங் பட்டறைக்குள் போனவர், சொந்தப் பட்டறை போட்டுத் தலை நரைத்த பிறகும் அங்கேதான் இருந்தார். சட்டைகளிலெல்லாம் தீப்பொறி போட்ட ஓட்டைகள். அவற்றைத் துவைத்து உதறும்போது, இதில் மாவு சலிக்கலாம் என்பாள் மனைவி. வாய்த்துடுக்கு அவளுக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பல் தேய்த்துக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. கூடவே அவளும் விழுந்தாள். வலது பக்கம் முழுக்க மரத்துப்போயிற்று. ஆறு மாதத்தில் பேச்சு திரும்பிவிட்டது என்றார் மருத்துவர். திரும்பிய பேச்சை அவள் வெளியே எடுக்கவில்லை. வேண்டுமென்றால் தலையசைப்பு, வேண்டாமென்றால் கண்ணை மூடிக்கொள்வது, அவ்வளவுதான். மகள் காலையும் மாலையும் வந்து குளிப்பாட்டித் துணி மாற்றிவிட்டுப் போவாள்.

அவருக்கு உடம்பில் எந்தக் குறையும் இல்லை. சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் தட்டைக் காலி செய்தார். ஒருநாள் சுத்தியல் கட்டைவிரலில் விழுந்தது. விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த ஆணியை எடுத்தார்.

அவள் முன்பெல்லாம் தினமும் சாயங்காலம் பூங்காவுக்குப் போவாள். அதனால் அவரும் தினமும் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார், கேட் வரைக்கும். அதற்கு மேல் போகாது. இருவரும் குழாய்களுக்கு இடையே உள்ளே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். அது தான் செய்த கேட், அதை அறுக்கிற மிஷின் தன் பட்டறையிலேயே இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை.

அது தோன்றியது உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கண்டக்டரம்மாவுக்கு. முப்பது வருஷம் பஸ்ஸில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தி ஓய்வுபெற்றவர். அவர் பஸ்ஸில் நெரிசலில் ஏறிய புது மாப்பிள்ளையும் பெண்ணும் பிள்ளை பெற்ற பிறகுதான் இறங்க முடிந்தது என்று ஒரு பேச்சு உண்டு. வாசலில் நிற்கிறவர்களை உள்ளே ஏற்றாமல் விடுவது அவருக்குப் பழக்கமில்லை.

பூங்கா அலுவலகத்தில் போய்க் கேட்டார். கேட்டை அகலப்படுத்தவும் சரிவுப்பாதை போடவும் நிதி இல்லை என்றார்கள். நான் தருகிறேன் என்றார். அதற்கு அவர்களிடம் படிவம் இல்லை. புகார் கொடுக்கப் படிவம் இருந்தது, பொருள் தொலைந்தால் படிவம் இருந்தது, நன்கொடை கொடுக்க மட்டும் இல்லை. கண்டக்டரம்மா புகார்ப் படிவத்தை வாங்கி, 'குறை என்ன' என்ற கட்டத்தில் 'கொடுக்கப் பணம் இருக்கிறது, வாங்க ஆள் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுவாரமே விசாரிக்க அதிகாரி வந்துவிட்டார்.

செய்தி பரவியதும் காலையில் நடக்க வருகிறவர்கள் சிமெண்டும் கைப்பிடிக் குழாயும் ஏற்றுக்கொண்டார்கள். அதிகாரி ஒரே நிபந்தனை போட்டார்: ஒரு பைக் உள்ளே புகுந்தாலும் பழைய கேட் திரும்ப வரும். கண்டக்டரம்மாவும் ஒன்று சொன்னார். தன் பெயரைக் கல்லில் வெட்டக்கூடாது, அந்த இடத்தையும் சேர்த்து வாசலுக்கு விட்டுவிட வேண்டும்.

பிறகு பட்டறைக்கு வந்தார்.

"தம்பி, நீங்க செஞ்சது. நீங்களே பிரிச்சிடுங்க."

"சரிக்கா," என்றார் அரையங்குலம். மின்தடை என்று சொல்லியிருந்தாலும் அதே சரிதான் வந்திருக்கும்.

மத்தியானம் மனைவி கட்டிலில் படுத்திருக்கும்போது, காலி நாற்காலியை விரித்து வைத்து டேப் பிடித்தார். சக்கரத்துக்குச் சக்கரம் இருபத்தாறு அங்குலம். பைக்கையும் தடுக்க வேண்டும் என்பதால் இரண்டே அங்குலம் இடம் விட்டு, இருபத்தெட்டில் இரண்டு தூண் நட்டார். இரும்பை இரும்பால் அளந்தார். உட்காருகிறவரை அளக்கவில்லை.

வலது தூணுக்கு வெள்ளைப் பெயிண்ட் இன்னொரு கை அடித்தார். அவர் தொழிலில் கேட்டின் இடமும் வலமும் தெருவில் நின்று பார்க்கிறபடிதான். நீங்கள் உள்ளே நில்லுங்கள், தலைகீழாக நில்லுங்கள், வலது தூண் வலது தூண்தான்.

திறப்பதற்கு முந்தின நாள் ஒத்திகை. கண்டக்டரம்மா பழைய விசிலோடு வந்திருந்தார். பூங்கா வாட்ச்மேனும் கூட நின்றான். மனைவியின் இரண்டு கையும் மடியில் சால்வைக்குள் இருந்தன. அரையங்குலம் சக்கரங்களையும் தூண்களையும் மட்டும் பார்த்துக்கொண்டு தள்ளினார். விசில் அடித்தது. "உள்ள போங்க, உள்ள போங்க."

உள்ளே போய்விட்டார்கள். ஏதாவது தோன்றும் என்று அவர் கொஞ்சம் காத்திருந்தார். தோன்றவில்லை. புதிய சரிவுப்பாதை முடிகிற இடத்தில், ஒரு மரத்தடியில் நாற்காலியை நிறுத்தினார். அவள் மேலே இலைகளைப் பார்த்தாள். அவர் ஊஞ்சலின் வெல்டிங் இணைப்புகளைப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்துக் கிளம்பினார்கள்.

திரும்பும்போது நாற்காலி லேசாக உருண்டது. பாதையின் சரிவு என்று நினைத்துக்கொண்டார். கண் தூண்களிலேயே இருந்தது. சக்கரம் உரசவில்லை. தாண்டித் தெருவுக்கு வந்ததும் வாட்ச்மேன் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"அண்ணே, தூண்ல ரத்தம்."

வெள்ளைப் பெயிண்டில் விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. கண்டக்டரம்மாவின் கையிலிருந்து விசில் நழுவியது. புது வாசல் போடச் சொன்னதே நான்தானே என்று முணுமுணுத்துக்கொண்டு தூணைத் தடவினார். அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்பது மட்டும் அரையங்குலத்துக்குப் புரிந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி, அவள் தலைக்கு மேலாகச் சொன்னார்.

"வலது தூண்க்கா. வலது கை சரிஞ்சு வெளிய விழுந்திருக்கும். அதுல உணர்ச்சியே கிடையாது. அவளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, நீங்க கவலப்படாதீங்க. நாளைக்குத் தூணைத் தள்ளி நட்டுடறேன்."

தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் திரும்பவில்லை. சால்வைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து மடிமேல் வைத்தாள். நான்கு விரல் முட்டியிலும் தோல் உரிந்திருந்தது.

"தூணுக்குத்தாங்க அது வலது," என்றாள், ஒவ்வொரு வார்த்தையாக. "வெளிய வர்றவளுக்கு இடது. நானும்தான் சக்கரத்தத் தள்ளிக்கிட்டு வந்தேன். வலிக்குது."