இரண்டு மடக்கு சாத்துக்குடிச் சாறு

மில்லில் வேலை பார்த்த காலத்தில், கணையத்தில் வீக்கம் என்று என்னைப் புதுவை ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது உத்தரவு. குளுக்கோஸ் பாட்டிலில் வைட்டமின் சி மருந்தைக் கலந்த டாக்டர், "கணையத்துல கிளம்புற நச்சை இது முறிக்குதான்னு பார்ப்போம்" என்றார்.

அருகில் நின்ற என் மச்சினன் அதைக் கேட்டுக்கொண்டான். மறுநாள் நோணாங்குப்பத்திலிருந்து பிளாஸ்க்கோடு வந்துவிட்டான்.

"சாத்துக்குடி, மாமா. பாட்டில்ல ஏத்துற அதே சத்துதான். குடிங்க, சீக்கிரம் வூட்டுக்குப் போயிடலாம்."

நாக்கு வறண்டு கிடந்த நான் இரண்டு மடக்கு குடித்தேன். சற்று நேரத்தில், வயிற்றில் செருகிய கத்தி முதுகு வழியாக வெளியே வந்தது போல் ஒரு வலி! பச்சையாக வாந்தி எடுத்தேன். கண் இருண்டது.

ஓடி வந்த டாக்டர் பிளாஸ்க்கைப் பார்த்துக் கத்தினார். "வயித்துல எது விழுந்தாலும் கணையம் நீர் சுரக்கும்யா! அந்த நீர் கணையத்தையே அரிச்சுடும். அதனாலதான நரம்பு வழியா ஏத்தறோம்!"

என் உடம்பே என்னைத் தின்கிறதா? வலியைவிட அதுதான் என்னை உலுக்கியது. மச்சினன் சுவரில் சாய்ந்து அழுதான்.

எப்படியோ பிழைத்தேன். இப்போதெல்லாம் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடுதான் போகிறேன். எது கொடுக்கலாம் என்று முதலில் நர்ஸிடம் கேட்கிறேன். "ரெண்டு சாத்துக்குடி வாங்கியாரக்கூடத் தோணலியா?" என்று உறவினர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். படுத்திருப்பவர் பிழைத்தெழுந்து என்னைத் திட்டினால் போதும்.